‘ஏன் மாமா கைதட்டுறாங்க?’ – ஸ்டார் வார்ஸ் முன்கதைப் படங்களுக்காக ஒரு வாதம்

2021-இன் தொடக்கம். ஜனவரி 12-ஆம் தேதி நாட்டில் அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டு, நாடாளுமன்றம் கூடாமல் இருந்த சமயம். வீட்டைவிட்டு எங்கும் போகமுடியாது. பன்னிரண்டு வயதான அக்கா மகன் எங்களோடு தங்கியிருந்தான். பொழுது போகாமல் ‘ஸ்டார் வார்ஸ்’ பார்க்கலாம் என்றான். அதுவும் கதை வரிசைப்படி முதல் பாகத்திலிருந்துதான் பார்க்கணும் என்று அடம். எனக்கு உள்ளூரச் சலிப்பு. அந்த முதல் மூன்று பாகங்களையும் இருபது வருசமாகக் கிண்டலடித்தே பழகியவன் நான்.

மூன்றாவது படத்தின் பிற்பகுதி. செனட் சபையில் பால்பட்டீன் எழுந்து, குடியரசு இனிப் பேரரசாக மாற்றியமைக்கப்படும் என்று அறிவிக்கிறார். சபை முழுக்க ஆரவாரம். பையன் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினான்.

“ஏன் மாமா கைதட்டுறாங்க? அவங்க பவருதானே போகுது?”

சட்டென்று பதில் வரவில்லை. அந்தப் படத்தை நான் மூன்று நான்கு முறையாவது பார்த்திருப்பேன். ஒருமுறைகூட அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. வசனம் மரக்கட்டை மாதிரி இருக்கு, கிராபிக்ஸ் திகட்டுது என்று எண்ணிக்கொண்டிருந்ததில் சபையில் என்ன நடக்கிறது என்பதையே கவனிக்காமல் இருந்துவிட்டேன்.

அந்தக் கிண்டல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அதன்பிறகுதான் யோசித்தேன்.

1999-இல் ‘த ஃபேன்டம் மெனஸ்’ வந்தபோது நான் இடைநிலைப்பள்ளி மாணவன். பசார் மாலாமில் வாங்கிய திருட்டு வீசிடியில்தான் முதலில் பார்த்தேன். திரையரங்கில் உட்கார்ந்து யாரோ படம்பிடித்தது. நடுவில் ஒருவர் எழுந்து போவார், ஒரு தலை திரையை மறைத்துக்கொண்டு நகரும். அப்படியும் எனக்குப் படம் பிடித்திருந்தது. பாட்ரேஸ் காட்சியை நானும் நண்பர்களும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம்.

பிறகு இணையம் வந்தது. அந்தப் படம் ஒரு அவமானம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். 1977-இல் முதல் படத்தைப் பார்த்து வளர்ந்த அமெரிக்கத் தலைமுறை, 1983-இல் மூன்றாவது படம் வந்ததிலிருந்து பதினாறு வருடம் காத்திருந்தது. திரையரங்க வாசல்களில் கூடாரம் போட்டுப் படுத்துக் கிடந்தவர்கள் உண்டு. அவர்கள் கேட்டது தங்கள் பால்யத்தை. லூகாஸ் கொடுத்தது வணிகப் பாதைகளுக்கு விதித்த வரியைப் பற்றிய தகராறு. படத்தின் தொடக்கத்தில் மேலே ஏறும் மஞ்சள் எழுத்துகளிலேயே வரி வந்துவிடுகிறது. கோபம் வராமல் என்ன செய்யும்?

அவர்களுடைய ஏமாற்றம் உண்மையானது. ஆனால் அது எப்படி என்னுடையதானது? 1977-இல் நான் பிறக்கவே இல்லை. பழைய மூன்று படங்களையும் புதியதற்குப் பிறகுதான் பார்த்தேன். எனக்குப் பிடித்த ஒன்றைப் பிடிக்கவில்லை என்று சொல்லப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான். அப்படிச் சொன்னால் விவரமானவன் என்று நினைப்பார்கள். இலக்கியத்திலும் நாம் இதைச் செய்கிறோம். படிப்பதற்கு முன்பே ஒரு எழுத்தாளரை எப்படி நிராகரிப்பது என்று கற்றுக்கொண்டுவிடுகிறோம்.

ஜார்ஜ் லூகாஸ் 1944-இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ என்ற சிறு நகரத்தில் பிறந்தவர். வியட்நாம் போரும் நிக்ஸன் ஆட்சியும் நடந்துகொண்டிருந்த காலத்தில் சினிமாவுக்குள் வந்தவர். பின்னாளில் கொப்போலா எடுத்த ‘அப்போகலிப்ஸ் நவ்’ படத்தை முதலில் இயக்குவதாக இருந்தவர் லூகாஸ்தான். ஒரு ஜனநாயகம் எப்படித் தன்னைத்தானே சர்வாதிகாரியிடம் ஒப்படைக்கிறது என்ற கேள்வி அந்தக் காலத்திலேயே தனக்குள் எழுந்ததாக 2005-இல் கான் திரைப்பட விழாவில் சொன்னார்.

இதற்கான விதை 1977 படத்திலேயே இருக்கிறது. மரண நட்சத்திரத்தில் தளபதிகள் கூடிப் பேசும் காட்சியில், பேரரசர் செனட்டை நிரந்தரமாகக் கலைத்துவிட்டார் என்று டார்கின் வந்து சொல்கிறார். ஓரிரு வரிதான். அடுத்த நிமிடமே கதை வேறு எங்கோ போய்விடுகிறது. கலைப்பதற்கு முன் அந்தச் செனட் எப்படி இருந்தது? பேரரசர் எங்கிருந்து வந்தார்? யார் அவரை உட்காரவைத்தது? முன்கதைப் படங்கள் மூன்றும் அந்த ஓரிரு வரிக்கு எழுதிய வரலாறு. ஒளிவாள் சண்டைகளை எதிர்பார்த்துப் போனவர்களுக்குச் சபை விவாதம் இடைஞ்சலாகத் தெரிந்தது. ஆனால் கதையே அதுதான்.

நடப்பதை வரிசையாகப் பாருங்கள். முதல் படத்தில் ஒரு வணிகக் கூட்டமைப்பு நபூ என்ற சிறிய கிரகத்தை முற்றுகையிடுகிறது. செனட்டில் பேச்சு நடக்கிறது, காரியம் நடக்கவில்லை. பதினான்கு வயது ராணி அமிடாலா தன் மக்களைக் காப்பாற்றத் துடிக்கிறாள். பால்பட்டீன் காதில் ஓத, அவளே எழுந்து தலைவர் வலோரம் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருகிறாள். அவர் இறங்க, பால்பட்டீன் முறையாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். முற்றுகைக்குப் பின்னால் இருந்தவரும் அவரே.

பத்து வருடம் கழித்து, இரண்டாம் படத்தில், பிரிவினைவாதிகளால் போர் வரும் என்ற பயம். காமினோ கிரகத்தில் ஒரு குளோன் படை தயாராக இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தலைவருக்கு அவசரகால அதிகாரம் வேண்டும். அதை யார் முன்மொழிவது? பத்மே ஊரில் இல்லாத நேரம் பார்த்து, அவளுக்குப் பதில் சபையில் உட்கார்ந்திருக்கும் ஜார் ஜார் பிங்க்ஸ் எழுந்து முன்மொழிகிறான். ரசிகர்கள் உலகிலேயே அதிகம் வெறுத்த அந்தக் கோமாளி. நெருக்கடி முடிந்ததும் அதிகாரத்தைத் திருப்பித் தருவேன் என்று பால்பட்டீன் உறுதி சொல்கிறார். எல்லாரும் நம்புகிறார்கள்.

இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு வாக்களிக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமிடாலாவுக்கு மக்கள்மேல் பாசம். ஜார் ஜாருக்கு நண்பர்கள்மேல் விசுவாசம். செனட்டர்களுக்குப் பயம். எதிரி கோட்டைச் சுவரை உடைத்துக்கொண்டு வரவில்லை. உள்ளே இருந்தவர்களே தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார்கள்.

லூகாஸ் இதைக் கற்பனையிலிருந்து மட்டும் எடுக்கவில்லை. கி.மு. 27-இல் ஒக்டேவியன் குடியரசை மீட்டுக் கொடுத்துவிட்டதாகச் சொன்னபோது, ரோமச் செனட் அவனுக்கு ‘அகஸ்டஸ்’ பட்டத்தைச் சூட்டியது. 1933 மார்ச் 23-இல் ஜெர்மன் நாடாளுமன்றம் 444-க்கு 94 என்ற வாக்கில் சட்டமியற்றும் அதிகாரத்தை ஹிட்லர் அரசாங்கத்திடம் கொடுத்தது. அன்று மண்டபத்தில் நாஜிப் படையினர் நின்றார்கள், கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் உள்ளே வரவே முடியவில்லை. ஆனாலும் வாக்கெடுப்பு நடந்தது. சட்டப்படிதான் எல்லாம்.

‘அட்டாக் ஆஃப் த குளோன்ஸ்’ 2002 மே மாதம் திரைக்கு வந்தது. இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து எட்டு மாதம். பயத்தின் பெயரால் அரசாங்கங்கள் அதிகாரத்தைச் சேர்த்துக்கொண்டிருந்த காலம். ஆனால் படத்தின் முதன்மைப் படப்பிடிப்பு 2000-ஆம் ஆண்டிலேயே நடந்தது. செய்தியைப் பார்த்து எழுதிய கதையில்லை, வரலாற்றைப் படித்து எழுதியது. பழைய படங்களில் தீமை எது என்று உடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். இங்கே தீமை சிரித்த முகத்தோடு அறிவுரை சொல்லும் பெரியவராக வருகிறது. 1983-இல் சுருங்கிய முகத்தோடு பேரரசராக நடித்த இயன் மெக்டியார்மிட்தான் இங்கே பால்பட்டீன். அப்போது அவருக்கு முப்பது சொச்ச வயது. கிழவனாக ஒப்பனை போட்டு நடித்தவர், அதே பாத்திரத்தின் இளமைக்கு ஒப்பனை இல்லாமல் திரும்பி வந்தார். முதல் படம் முடியும்போது நபூவில் வெற்றி ஊர்வலம் நடக்கும். குழந்தைகள் சேர்ந்து பாடும் அந்தக் குதூகலமான இசை, பேரரசரின் இருண்ட இசையையே ஜான் வில்லியம்ஸ் மாற்றிப் போட்டது. கேட்டால் விழா, உள்ளே அவர்.

குறைகளை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அனகினும் பத்மேயும் காதல் பேசும் இடங்களில் இன்றும் நெளியத்தான் வேண்டியிருக்கிறது. வணிகக் கூட்டமைப்புக்காரர்களின் ஆசிய உச்சரிப்பு, வாட்டோவின் மூக்கும் பேராசையும், ஜார் ஜாரின் கரீபியச் சாயல் பேச்சு ஆகியவை இனக்கேலி என்று அப்போதே எழுந்த விமர்சனம் நியாயமானது. தோட்டத்து ஆளாகவும் குடிகாரனாகவும் மட்டுமே தமிழன் திரையில் வந்ததைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது புரியாமல் போகாது.

ஆனால் விமர்சனம் அங்கே நிற்கவில்லை. ஜார் ஜாராக நடித்த அகமது பெஸ்ட், அந்த வெறுப்பு தாங்காமல் உயிரை விட்டுவிட யோசித்ததாக 2018-இல் வெளிப்படையாகச் சொன்னார். படித்தபோது உறுத்தியது. நானும் அந்தக் கேலியைப் பரப்பியவன்தானே. 2023-இல் ‘த மண்டலோரியன்’ தொடரில் அவர் ஒரு ஜெடை வீரராகத் திரும்பி வந்து, ஒரு குழந்தையைக் காப்பாற்றினார். மனசு கொஞ்சம் லேசானது.

அக்கா மகனுக்கு இந்தக் கதைகள் எதுவும் தெரியாது. முதல் படத்தில் பால்பட்டீனைப் பார்த்து, “இந்தத் தாத்தா நல்லவரு மாமா” என்றான். இரண்டாவதில், “பாவம், இவருக்குத்தான் எல்லா வேலையும்” என்றான். மூன்றாவதில் உண்மை தெரிந்தபோது, அவன் ஏமாந்தது செனட்டர்கள் ஏமாந்த அதே விதத்தில். பேரரசர் யார் என்று முன்பே தெரிந்து பார்த்த எவருக்கும் அந்த அனுபவம் கிடைத்திருக்காது.

அன்றைக்கு அவனுக்கு என்ன பதில் சொன்னேன்? “போர் முடிஞ்சிருச்சு, இனிமே பயமில்லைன்னு நினைச்சிட்டாங்கடா” என்றேன். நமது அவசரகாலம் நோய்த்தொற்றுக்காக அறிவிக்கப்பட்டது. அதையும் இந்தக் கதையையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் அன்றாடம் செய்தியில் காதில் விழுந்துகொண்டிருந்த நேரம் அது. பையன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான்.

“அப்ப பத்மே மட்டும் ஏன் கைதட்டல?”

திரையில் அவள் தன் இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முதல் படத்தில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவள். நான் அதைச் சொன்னேன். அவன் ரிமோட்டை எடுத்து, முதல் படத்தை மறுபடி போடச் சொன்னான்.