நாங்குநேரி மாணவர் தாக்குதல் (2023)

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் 9 இரவு பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவர் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்கள் வள்ளியூர் பள்ளியில் அவருடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள். அவர்களின் தொல்லையால் அவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். பள்ளி காரணம் கேட்டபோது அங்கே புகார் பதிவானது, அன்றிரவே அரிவாள் வந்தது. அதிர்ச்சியில் உறவினர் ஒருவர் இறந்தார்.

அந்த மாணவரின் கல்வியாண்டில் ஒரு பகுதி மருத்துவமனையிலேயே கழிந்தது. காலாண்டுத் தேர்வையும் அங்கிருந்தே எழுதினார். 2024 மே மாதம் வெளியான முடிவுகளில் தேர்ச்சி பெற்றார்.

இப்பகுதிப் பள்ளிகளில் சாதி பெரும்பாலும் வாயால் சொல்லப்படுவதில்லை. மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறமே சொல்லிவிடும். நெற்றிப்பொட்டும் மோதிரமும் அதே வேலையைச் செய்யும். கயிறுகளைக் கண்காணிக்கச் சொல்லி 2019இல் பள்ளிக் கல்வித் துறை விட்ட சுற்றறிக்கை, எதிர்ப்பு எழுந்ததும் கிடப்பில் போடப்பட்டது.

தாக்குதலுக்குப் பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு, 2024 ஜூன் 18 அன்று அறிக்கை அளித்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறிகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல், அகரவரிசைப்படி இருக்கை, ஆசிரியர்களுக்குக் குறிப்பிட்ட கால இடமாற்றம் ஆகியவை அதன் பரிந்துரைகளில் சில. உதவித்தொகை விவரத்தை வகுப்பில் எல்லோர் முன்னும் கேட்கக் கூடாது என்பது சிறியதாகத் தோன்றும் பரிந்துரை. வகுப்பில் எழுந்து நின்றவருக்கே அதன் எடை தெரியும்.