துருக்கித் தொப்பியும் மருதமுனைத் தறியும்

1905ஆம் ஆண்டு மே மாதம் 2ஆந் திகதி, அப்புக்காத்து எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பி அணிந்தவராகக் கொழும்பு உயர் நீதிமன்றத்திலே தோன்றினார். பிரதம நீதியரசர் லேயாட் அதனை ஏற்க மறுத்தார். அப்துல் காதர் தொப்பியைக் கழற்றினாரல்லர். மன்றை விட்டு வெளியேறினார். அவ்வாண்டு டிசெம்பர் 31ஆந் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவிலே திரண்ட பெருங்கூட்டமும், அங்கு மௌலவி றபியுத்தீன் அஹ்மத் ஆற்றிய உரையும் இலங்கை முஸ்லிம்களின் அரசியல் விழிப்பைக் கூறுவோர் தவறாது எடுத்துக்காட்டுவன. ஈற்றில் உரிமை கிடைத்தது. எனினும் அத்தொப்பி எவர் கையால், எவ்வாறு செய்யப்பட்டது என்ற வினாவை எழுப்பியவர் மிகச் சிலரே. உரிமையின் வரலாறு எழுதப்பட்ட அளவிற்குப் பொருளின் வரலாறு எழுதப்படவில்லை.

இத்தொப்பி இலங்கையிற் செல்வாக்குப் பெற்றமைக்கு எகிப்தியத் தலைவர் ஒறாபி பாஷாவின் வருகை முக்கிய காரணமாகும். பிரித்தானியரால் நாடுகடத்தப்பட்டு 1883இல் இங்கு வந்த அவர் 1901 வரை தங்கியிருந்தார். சித்திலெப்பை போன்றோரின் கல்வி முயற்சிகளுக்குத் துணைநின்ற அப்பெரியாரின் உடையும் மதிப்புக்குரியதாயிற்று. கொழும்பு, கண்டிக் கனவான்களிடமிருந்து அது கிழக்குக் கரையின் ஊர்ப் பெரியார்களையும் எட்டியது. கச்சான் வீசும் ஆடி மாதத்து நண்பகலிலே, கல்முனைத் தெருவொன்றில் கம்பளித் தொப்பியுடன் நடப்பது எளிதான காரியமன்று. கௌரவத்துக்கு வெயில் தெரிவதில்லை போலும்.

துருக்கித் தொப்பி ஃபெல்ட் வகையைச் சார்ந்தது. ஆட்டு ரோமத்தின் ஒவ்வோர் இழையிலும் நுண்ணிய செதில்கள் உள்ளன. வெந்நீரும் சவர்க்காரமும் இட்டுத் தேய்க்குமிடத்து இச்செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இழைகள் நெருங்கிச் சுருங்கும். பிரிக்கவியலாத தடித்த படலம் உருவாகும். இதற்குத் தறி வேண்டியதில்லை. கையும் நீரும் பொறுமையுமே போதும். தூனிசியாவின் செஷியா என்னும் சிவப்புத் தொப்பி இவ்வகையிலேயே உருவாகின்றது. தூனிஸ் நகருக்கு அருகேயுள்ள அரியானாவிலே பெண்கள் தம் வீடுகளிலிருந்து கம்பளி நூலால் மிகப் பெரியதொரு வெள்ளைத் தொப்பியைத் தளர்வாகப் பின்னுவர். அணிபவரின் தலையினும் பன்மடங்கு பெரிதான அப்பின்னல், வெந்நீரிலே துவைத்து இறுக்கப்படுகையில் வேண்டிய அளவுக்குச் சுருங்கிவிடும். பின்னர் முட்செடியொன்றின் உலர்ந்த காய்களால் மேற்பரப்பை வருடி மயிர் எழுப்புவர், சாயமிடுவர், அச்சிலேற்றி உருவம் கொடுப்பர். எவ்வளவு சுருங்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து பின்னுவதே இத்தொழிலின் நுட்பம். 17ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் இக்கைத்தொழிலைத் தூனிஸிலே வளர்த்தனர். உஸ்மானியச் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1820களின் பிற்பகுதியிலே தம் படையினருக்கும் அலுவலருக்கும் இத்தகைய தொப்பியை விதித்தபோது, அதற்குத் தூனிஸையே நாட வேண்டியிருந்தது. பின்னரே இஸ்தான்பூலிலும் அரசாங்கத் தொழிற்சாலை எழுந்தது.

ஆயினும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒஸ்திரியப் பேரரசின் ஆலைகள், சிறப்பாகப் பொஹீமியாவின் ஸ்ட்ரகொனிட்சே நகர ஆலைகள், இவ்வணிகத்திற் பெரும்பங்கைக் கைப்பற்றின. 1908இல் ஒஸ்திரியா பொஸ்னியாவை இணைத்துக்கொண்டபோது, உஸ்மானிய மக்கள் அந்நாட்டுப் பண்டங்களை விலக்கினர். விலக்கப்பட்டவற்றுள் அவர்தம் தேசியச் சின்னமாகக் கருதப்பட்ட சிவப்புத் தொப்பியே முதன்மை பெற்றது. பலர் வெள்ளைத் தொப்பிக்கு மாறினர். தம் அடையாளம் பிறர் ஆலையில் உருவாகியதை அவர்கள் அன்றே கண்டனர்.

கல்முனைக் கரையின் நிலை இதனினும் வேறுபட்டது. இங்கு கைத்திறனுக்குக் குறைவிருந்ததில்லை. மருதமுனையின் கைத்தறி நெசவு நாடறிந்தது. வீட்டோடு சேர்ந்த கொட்டிலிலே தறி நிற்கும், நூல் சுற்றுவதிலும் பாவு ஓடுவதிலும் குடும்பத்தவர் பலரின் கைகள் ஈடுபடும். அரியானாப் பெண்களின் வீட்டுத் தொழிலோடு இது பெரிதும் ஒப்புநோக்கத்தக்கது. வேறுபாடு மூலப்பொருளிலேயே உளது. மருதமுனையார் கையாண்டது பருத்தி. பருத்தி இழையிலே செதில் இல்லை. எத்துணை தேய்ப்பினும் அது ஃபெல்ட் ஆகாது. கம்பளிக்கு உதவும் ஆட்டினம் இக்கரையில் வளர்ந்ததுமில்லை. ஆகவே சாறனைத் தன் வீட்டிலேயே நெய்து உடுத்த ஊர், தலைக்குரியதைக் கடல் கடந்து வந்த சரக்கிலே தேட நேர்ந்தது. நீதிமன்றத்திலே சமூகத்தின் மானமாக நின்ற பொருளை அச்சமூகத்தின் கைகள் ஆக்கியிருக்கவியலாது என்பது வரலாற்றாசிரியர் கவனிக்கத் தவறிய முரண்பாடாகும். இடுப்பில் உடுத்த சாறனுக்காக எவரும் மருதானையிலே கூட்டம் கூட்டவில்லை. அதனாற் போலும், அதை நெய்தவரும் ஏட்டில் இடம்பெறவில்லை.

1925 நவெம்பர் 25ஆந் திகதி துருக்கி தானே சட்டமியற்றி இத்தொப்பியைத் தடைசெய்தது. இலங்கையில் அது உடனே மறையவில்லை. திருமண வீடுகளிலும் பொதுமேடைகளிலும் பல பத்தாண்டுகள் நீடித்தது. தாயகத்திலே குற்றமான உடை இங்கு கண்ணியமாக நிலவிற்று. இன்று கல்முனைக்குடியிலோ நிந்தவூரிலோ தொழுகைக்குச் செல்வோர் பெரும்பாலும் அணிவது வெள்ளைத் தொப்பி. துணியாலே தைக்கப்படினும் கொக்கி ஊசியாற் பின்னப்படினும் அதற்கு வேண்டுவது பருத்தி நூலே. கொதிநீரும் அச்சும் வேண்டா. திண்ணையிலமர்ந்தே ஒருத்தி அதனை முடித்துவிடலாம்.