கண்ணை மூடாதீங்கம்மா

"கண்ணை மட்டும் மூடாதீங்கம்மா, என் மூக்கையே பாருங்க." 18 வருஷமாக நான் தினமும் சொல்லும் வாக்கியம் இது. தலைசுற்றல் என்று வந்து, கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவரின் தலையை 45 பாகை பக்கவாட்டில் திருப்பி, இரண்டு கையாலும் தாங்கி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைப்பேன். தலை கட்டில் விளிம்பைத் தாண்டிச் சற்றே தொங்கும். சில நொடி ஒன்றும் நடக்காது. பிறகு கருவிழி, கீழே இருக்கும் காதின் பக்கமாகத் திருகித் திருகித் துடிக்கத் தொடங்கும். "ஐயோ, கட்டிலே கவிழுது, பிடிச்சுக்கோ தாயி" என்று என் மணிக்கட்டை இறுக்குவார்கள். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். உட்காரவைத்தால் துடிப்பு திசைமாறி வரும். மறுபடி படுக்கவைத்தால் குறைந்திருக்கும்.

இந்தத் துடிப்பை அக்கறையோடு படித்தவர்களில் முதன்மையானவர் வியன்னாவின் ராபர்ட் பாரனி. பீச்சாங்குழலில் காது கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றியது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் விழி ஒரு பக்கம் துடித்தது, சூடாக இருந்தால் எதிர்ப்பக்கம். அடுப்பில் வைத்த அண்டாவில் சூடான நீர் மேலேறுவதுபோலக் காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழல்களிலும் திரவம் நகர்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். அதற்காகவே 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. சேதி வந்தபோது அவர் ரஷ்யர்களிடம் போர்க்கைதி. சுவீடன் இளவரசர் கார்லின் முயற்சியால் 1916இல் விடுதலையாகி, பிறகு உப்சாலாவில் குடியேறினார். 1921இல், ஒரு பக்கமாகப் படுத்தால் மட்டும் தலைசுற்றிய 27 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார்.

என் மனசுக்கு நெருக்கமானவர் மார்கரெட் டிக்ஸ். இரண்டாம் உலகப் போர்க்கால லண்டனின் குண்டுவீச்சில் முகத்திலும் கண்ணிலும் காயம்பட்டதால் அறுவை மருத்துவராகும் வழி அவருக்கு அடைபட்டது. பிறகு குயீன் ஸ்கொயர் மருத்துவமனையில் சார்லஸ் ஹால்பைக்குடன் சேர்ந்தார். 1952இல் இருவரும் இப்படிப் படுத்தால் தலைசுற்றும் நோயாளிகள் நூறு பேரைப் பற்றி எழுதி, படுக்கவைத்துப் பார்க்கும் முறையை வரையறுத்தார்கள். சில நொடித் தாமதம், கீழ்க்காதை நோக்கிய திருகல், திரும்பச் செய்தால் சோர்வது என்று நான் இன்று பார்ப்பதையெல்லாம் அவர்கள் அன்றே எழுதிவைத்திருக்கிறார்கள். கண்ணில் காயம்பட்ட ஒருவர் அடுத்தவர் கண்ணை இத்தனை உன்னிப்பாகப் பார்த்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நெகிழும்.

இந்தத் தலைசுற்றலின் காரணம் மெல்லத்தான் விளங்கியது: காதுக்குள் இடம்பெயர்ந்த சுண்ணாம்புத் துகள்கள். அவற்றைத் தலையைத் திருப்பித் திருப்பியே பழைய இடத்துக்கு உருட்டிவிடும் வழியை அமெரிக்காவின் ஜான் எப்லி 1980களில் சொல்லத் தொடங்கினார். சக மருத்துவர்கள் நம்பவில்லை. அவருடைய கட்டுரை 1992இல்தான் அச்சேறியது.

இவ்வளவு நடந்தும், போன மாதம் ஓர் அம்மா கழுத்துப் பட்டையோடு வந்தார். எலும்புத் தேய்மானம் என்று இரண்டு வருஷ மாத்திரை; ஸ்கேன் படங்கள் ஒரு பை நிறைய. படுக்கவைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வலக் காது. எப்லி முறையை இரண்டு தடவை செய்தோம், சரியாகிவிட்டது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

படுக்கும்போதோ புரளும்போதோ உங்களுக்குத் தலை சுற்றினால் பித்தம் என்று விட்டுவிடாதீர்கள். பேச்சுக் குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மற்றபடி, கழுத்தில் கோளாறு இருந்தால் அதை முதலில் சொல்லிவிட்டு, "என்னைப் படுக்கவைத்துக் கண்ணைப் பாருங்கள்" என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.