தொழுவத்திலிருந்து முதுகு வரை

ஆரணியில் சாணிக்கு இருக்கிற மரியாதை மார்கழியோடு சரி. வாசல் தெளித்து, கோலத்தின் நடுவே பிடித்து வைத்த சாணி உருண்டையின் தலையில் ஒரு பூசணிப்பூ. மற்ற மாதங்களில் அது ஒதுங்கி நடக்க வேண்டிய சமாசாரம். தெருவில் பட்டுப் பாவு நீட்டிக் கட்டியிருக்கும் நேரத்தில் மாடு ஒன்று அந்தப் பக்கம் திரும்பினால் போதும், நாலு பேர் ஓடுவார்கள். இப்படிப்பட்ட ஊரில், சாணியை உருட்டி ஒருவர் மேல் ஒருவர் எறிந்து விளையாட நம் தமிழ்நாட்டிலேயே ஒரு திருவிழா இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். தறிக்குழியில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "யாரு ஜெயிப்பாங்க?"

யாரும் ஜெயிப்பதில்லை.

ஊர் கும்டாபுரம். ஈரோடு மாவட்டம் தாளவாடி மலைப்பகுதியில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது. சத்தியமங்கலத்திலிருந்து போனால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறித்தான் ஆக வேண்டும். தாளவாடி என்றாலே 2000-இல் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திய கதைதான் நமக்கு ஞாபகம் வரும். ஊர்ப் பேச்சு கன்னடம். அவர்களுக்கு இது கோரே ஹப்பா. நம் பத்திரிகைகளுக்குச் சாணியடித் திருவிழா.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் சாணி கிளம்புகிறது. மாடு வைத்திருக்கும் வீடுகளில் வாரிச் சேர்த்ததை டிராக்டரில் ஏற்றி பீரேஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுவருகிறார்கள். பூசாரி பூஜை செய்தபின் திறந்த வெளியில் கொட்டப்படுகிறது. எந்தக் கவளம் யார் வீட்டு மாடு போட்டது என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. சட்டையைக் கழற்றிய ஆண்களும் பையன்களும் அந்தக் குவியலுக்குள் இறங்குகிறார்கள்.

சாணியைப் பிடிப்பதில் ஒரு பதம் உண்டு. ரொம்பப் பச்சையாக இருந்தால் விரல் இடுக்கில் வழியும், எறிந்தால் பாதி வழியிலேயே சிதறும். மேலே காய்ந்து உள்ளே ஈரம் இருப்பதை அள்ளி இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினால்தான் உருண்டை நிற்கும். முதுகில் விழும்போது 'சொத்'தென்று அப்பிக்கொள்ளும். வலிக்காது, நாறும், அவ்வளவுதான். பனியை அழுத்த அழுத்த அது ஐஸாக இறுகிவிடும்; சாணிக்கு அந்தக் கெட்ட புத்தி கிடையாது.

அதனால்தானோ என்னவோ, பனி உருண்டைக்குச் சட்டதிட்டம் தேவைப்பட்டது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் உள்ள சோபெட்சு ஊரில் 1989 முதல் யூகிகஸ்சென் என்ற பனி எறியும் போட்டி நடக்கிறது. அணிக்கு 7 பேர், 3 நிமிடச் சுற்று, ஒரு சுற்றுக்கு 90 உருண்டை. தலைக்கவசம் உண்டு, நடுவர் உண்டு. ஸ்பெயினின் புன்யோல் ஊரில் தக்காளி எறிபவர்கள் பழத்தைக் கையில் நசுக்கிவிட்டுத்தான் எறிய வேண்டும். கும்டாபுரத்தில் எண்ணிக்கையும் இல்லை, நடுவரும் இல்லை. அடித்தவன் முதுகு திரும்பும்வரை அடி வாங்கியவன் காத்திருப்பான், அதுவே போதும்.

சாணி எப்போதும் இப்படி விளையாட்டாக வந்ததில்லை. 1848-இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய் புலே மீது தெருவில் சாணியும் சேறும் எறிந்தார்கள். மாற்றிக்கொள்ள இன்னொரு புடவையைக் கையோடு எடுத்துப் போனார் அவர். புடவை நெய்து பிழைக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்த ஒரு வரியின் கனம் தெரியும். நம் தஞ்சைப் பண்ணைகளில் கூலி ஆட்களுக்குச் சாணிப்பால் புகட்டுவது தண்டனையாக இருந்தது; சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்து 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் ஆட்களைத் திரட்டிப் போராட வேண்டியிருந்தது. அதே சாணிதான். ஆனால் சாவித்திரிபாயால் திருப்பி எறிய முடியாது. பண்ணையாள் கை ஓங்கினால் உயிர் மிஞ்சாது. கும்டாபுரத்துக் குவியலில் எல்லோரும் நிற்கிறார்கள், எல்லோர் கைக்கும் எட்டும் தூரத்தில் சாணி இருக்கிறது. ஆட்டத்தை ஆட்டமாக வைத்திருப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆட்டம் ஓய்ந்ததும் குளித்துக் கரையேறுகிறார்கள். மிதிபட்ட சாணியை அப்படியே விட்டுவிடுவதில்லை. விவசாயிகள் அள்ளிப்போய் வயலில் போடுகிறார்கள். விளைச்சல் கூடும் என்பது நம்பிக்கை. பச்சைச் சாணியை மொத்தமாகக் கொட்டினால் வேர்ப்புழு வரும் என்று விவசாயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள், ஆனால் இது ஆளுக்குக் கொஞ்சம் என்றுதான் பிரிந்து போகிறது.

எனக்கு ஒரே ஒரு குறை. பெண்கள் ஓரமாக நின்று பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள், இறங்குவதில்லை. வருஷம் பூராவும் மாட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளுவது பெரும்பாலும் யார் கை என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்து, குறி தப்பாமல் எறியக்கூடியவர்களும் அவர்கள்தான். வறட்டி தட்டிச் சுவரில் அடிக்கும் பெண்ணைப் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.