துடைப்பம் ஏந்திய புனிதரும் தெருவுக்கு வராத தேரும்



நினைவுப் பேருரை என்பதே இறந்துபோனவரோடு பேச்சை முறித்துக்கொள்ளாமல் இருப்பதற்கான ஓர் ஏற்பாடுதான். படத்துக்கு மாலை போடுகிறோம், அவர் பெயரைச் சொல்லிக் கூடுகிறோம், அவர் சொன்னதைத் துணைக்கு வைத்துக்கொண்டு நம்முடைய இன்றைய வழக்கை நடத்துகிறோம். இதே காரியத்தைச் சேரிக் கத்தோலிக்கர் ஒருவர் செவ்வாய்க்கிழமை மாலை அந்தோணியார் சுரூபத்தின் முன்னால் மெழுகுவத்தி கொளுத்திச் செய்தால், படித்தவர்கள் அதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறார்கள். சேரி மக்களின் மதமாற்றத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பஞ்சம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, மிஷன் அறிக்கைகள் இருக்கின்றன. மாறிய மக்கள் இருட்டிய பிறகு யாரிடம் என்ன கேட்டார்கள் என்பது மட்டும் போதிய அளவு எழுதப்படவில்லை. இன்றைய உரையில் நாம் பேசப்போவது அந்தக் கேட்டலின் வரலாற்றைத்தான்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். புனிதர்களிடம் கேட்பதைத் தமிழ்க் கத்தோலிக்கர் மன்றாட்டு என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள்ளே மன்று இருக்கிறது. மன்றாடுதல் என்றால் கெஞ்சுதல் மட்டுமல்ல, சபையில் நின்று வழக்காடுதல் என்பதும் அதன் பொருள். எந்த ஊர் மன்றத்திலும் நிற்க விடப்படாத மக்கள், தங்கள் வேண்டுதலுக்கு இந்தச் சொல்லை வைத்திருந்தார்கள் என்பது நமக்கு முக்கியம். பாதுகாவலர் என்ற சொல்லும் அப்படித்தான். ஐரோப்பிய மொழிகளில் அந்த இடத்தில் இருக்கும் சொல் உரோமாபுரியின் 'பத்ரோனுஸ்' என்பதிலிருந்து வந்தது. உரோமையில் பத்ரோனுஸ் என்பவர் பெரிய வீட்டுக்காரர். அவரை அண்டிப் பிழைப்பவர் காலையில் எழுந்து அவர் வாசலில் போய் நின்று வணக்கம் சொல்ல வேண்டும். பதிலுக்கு அவர் வழக்கில் சிபாரிசு செய்வார், கடனுக்கு வாய்தா வாங்கித் தருவார். பண்ணையார் வீட்டு வாசலை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான்காம் நூற்றாண்டில் இந்த உறவுமுறை அப்படியே கல்லறைக்குள் போனது. 386இல் மிலான் ஆயர் அம்புரோஸ், ஜெர்வாசியுஸ், புரோத்தாசியுஸ் என்ற இரு மறைசாட்சிகளின் எலும்புகளைத் தோண்டியெடுத்துத் தம் கோயிலில் வைத்தார். நோலா ஊரின் பவுலீனுஸ், தாமே பெருஞ்செல்வராகவும் செனட் குடும்பத்தவராகவும் இருந்தவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு பெலிக்ஸ் என்ற புனிதரின் கல்லறையருகே குடியேறி அவரைத் தம் புரவலர் என்று அழைத்தார். வரலாற்றாசிரியர் பீட்டர் பிரவுன் 1981இல் வெளியிட்ட புனிதர் வழிபாடு பற்றிய நூலில் இதை விரிவாகக் காட்டுகிறார். மக்கள் பழைய சிறுதெய்வங்களை விட முடியாமல் புனிதர்களைப் பிடித்துக்கொண்டார்கள் என்ற பழைய விளக்கத்தை அவர் ஏற்பதில்லை. ஆயர்களும் மேட்டுக்குடியினருமே இதை முன்னின்று நடத்தினார்கள் என்பது அவர் வாதம். நம் ஊர் அறிஞர்கள் சிலர் இன்னும் அந்தப் பழைய விளக்கத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தோணியாரை முனியாண்டியின் மறுபெயர் என்று எழுதிவிட்டால் ஆராய்ச்சி முடிந்ததாக ஓர் எண்ணம்.

திருச்சபையின் போதனை இந்த இடத்தில் ஒரு கோட்டைக் கிழித்து வைத்திருக்கிறது. புனிதர் தருபவர் அல்லர், நமக்காகக் கேட்பவர். பிரார்த்தனை மாலையில் ஒவ்வொரு புனிதர் பெயருக்கும் சபை சொல்லும் பதிலில் 'கொடும்' என்ற சொல் வருவதில்லை, வேண்டிக்கொள்ளச் சொல்லும் கோரிக்கைதான் வரும். 1563 டிசம்பரில் திரெந்து சங்கம், புனிதர்களை மன்றாடுவது நல்லது, பயனுள்ளது என்று அறிக்கையிட்டது. சீர்திருத்தத் திருச்சபையினர் இடையில் நிற்பவர் கிறிஸ்து ஒருவரே என்று சொல்லி இதை மறுத்தார்கள். நம்மில் சீர்திருத்த சபைகளைச் சேர்ந்த நண்பர்கள் இப்போதும் அதைத்தான் சொல்வார்கள், அதற்கு விவிலிய ஆதாரமும் காட்டுவார்கள். இறையியல் வழக்கை இங்கே தீர்க்க நாம் வரவில்லை. நம் கேள்வி வேறு. சிபாரிசு இல்லாமல் எந்த வாசலும் திறக்காத ஒரு சமூகத்தில், பரலோகத்திலும் சிபாரிசு தேடுவது அடிமைப் பழக்கத்தின் நீட்சியா? அல்லது உள்ளூர் சிபாரிசுக்காரர்கள் அத்தனை பேரையும் தாண்டிப் போகும் குறுக்குவழியா?

பதினேழாம் நூற்றாண்டு மதுரை மிஷனுக்குப் போனால் இந்தக் கேள்வி உயிர்பெறுகிறது. 1606இல் மதுரைக்கு வந்த தெ நொபிலி சந்நியாசியாக உடுத்தி உயர்சாதியாரிடம் போனார். அவர் வழிவந்த சந்நியாசிக் குருக்கள் தாழ்த்தப்பட்டோரோடு வெளிப்படையாகப் பழக முடியாது என்றானது. அதனால் 1640இல் பண்டாரசாமிகள் என்று இன்னொரு வகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரிட்டோவும் பண்டாரசாமிதான். ஆக, குருத்துவமே சாதிப் பந்திகளாகப் பிரிந்தது. 1704இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தூர்னோன் வெளியிட்ட ஆணையில் ஒரு பகுதி நம் வரலாற்றுக்கு உரியது. பறையர்கள் நோயுற்றால் குருக்கள் அவர்கள் வீட்டுக்கே போய் அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். இப்படிக் கட்டளையிட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நிலைமை விளங்கும். சாகக் கிடக்கும் மனிதரை வீட்டைவிட்டு வெளியே தூக்கிக்கொண்டு வந்தால்தான் குரு எண்ணெய் பூசுவார். சேசு சபையினர் நாற்பது ஆண்டுகள் மேல்முறையீடு செய்துகொண்டே இருந்தார்கள். 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் வெளியிட்ட ஆணையோலையும் விடவில்லை. அப்போதும் ஒரு சமரசம் கண்டுபிடித்தார்கள்: பறையர்களுக்கென்றே தனிக் குருக்கள்.

நாற்பது ஆண்டுகள் என்றால் ஒன்றரைத் தலைமுறை. அந்த நாற்பது ஆண்டுகளில், குரு வாசற்படி தாண்டாத வீடுகளில், சாகும் மனிதர் யாரைக் கூப்பிட்டிருப்பார்? ஆவணம் இதைச் சொல்லாது. ஆனால் கத்தோலிக்க மரபு சூசையப்பரை நல்மரணத்தின் பாதுகாவலர் என்கிறது. சேரிகளில் சூசை என்றும் சூசையம்மாள் என்றும் பெயர்கள் நிறைந்து கிடப்பதை நாம் அறிவோம். புனிதருக்குத் தீட்டு இல்லை. அவர் குடிசைக்குள் குனிந்து வரத் தயங்கமாட்டார், திரும்பிப் போய்க் குளிக்கவும் மாட்டார். குருவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாத காலத்தில் இதற்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். இடையில் நிற்பவர் எதற்கு என்று கேட்கும் சீர்திருத்த நண்பர்களுக்கு நம் பதில் இதுதான்: ஏற்கெனவே இடையில் நின்றுகொண்டிருந்தவர்களைச் சுற்றிப் போவதற்கு.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் புனிதர்கள் ஆர் விகுதியோடும் அப்பர் என்ற உறவோடும் வருகிறார்கள்: அந்தோணியார், சவேரியார், செபஸ்தியார், இராயப்பர், சின்னப்பர், சந்தியாகப்பர். அதே பெயரை ஞானஸ்நானத்தில் வாங்கிய மனிதர், களத்துமேட்டில் அறுபது வயதிலும் 'ஏலே அந்தோணி'தான். ஆனாலும் அவரைக் கூப்பிடுகிற ஆண்டைக்கு வேறு வழியில்லை, வாயில் ஒரு புனிதர் பெயர் வந்துதான் ஆக வேண்டும். இந்த அற்ப சந்தோஷத்தை நம் பாட்டிமார் அனுபவித்திருப்பார்கள் என்றே நினைக்கிறோம்.

புனிதர்கள் எப்போதும் எளியவர் பக்கம் என்று கதை கட்டுவதும் சரியல்ல. சந்தியாகப்பர் ஸ்பெயினில் குதிரைமேல் வாளோடு இஸ்லாமியரை மிதிப்பவராக வரையப்பட்டவர். 1536இல் குஸ்கோ நகரை இன்கா மக்கள் முற்றுகையிட்டபோது அவர் வானத்திலிருந்து இறங்கி ஸ்பானியருக்காகப் போரிட்டதாகக் கதை பரவியது. பிறகு பெரு நாட்டுக் கோயில் ஓவியங்களில் குதிரைக் குளம்பின் கீழே பூர்வகுடிகள் கிடந்தார்கள். மிதிபட்ட அந்த மக்களோ அவரைத் தங்கள் இடித்தெய்வமான இல்லாப்பாவோடு இணைத்து எடுத்துக்கொண்டார்கள். இராமநாதபுரம் பகுதியில் அதே குதிரைவீரர் ஐயனாரின் அண்டைவீட்டுக்காரரைப் போல உட்கார்ந்திருக்கிறார். அங்குள்ள ஒரு சந்தியாகப்பர் கோயில் ஊரைப் பல்லாண்டு ஆராய்ந்து டேவிட் மாஸ் 2012இல் வெளியிட்ட நூல், திருவிழாவின் முதல் மரியாதையைச் சுற்றிச் சாதிப் படிநிலை எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்பதையும், இழிவான ஊழியங்களைச் செய்ய மறுத்துத் தலித்துகள் அதை எப்படி உலுக்கினார்கள் என்பதையும் காட்டுகிறது. சண்டை புனிதரோடு அல்ல. அவருக்குக் கொடுக்கும் உரிமை யாருக்கு, அவர் தேர் எந்தத் தெருவில் திரும்பும் என்பதே சண்டை.

பெரு என்றதும் நமக்கு இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். லீமா நகரின் மார்ட்டின் தெ போரஸ், 1579இல் பிறந்தவர். தந்தை ஸ்பானியக் கனவான். தாய் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெண். அவர்களுக்குள் திருமணம் இல்லை. மார்ட்டின் பன்னிரண்டு வயதில் நாவிதரிடம் தொழில் பழகினார். அந்தக் காலத்து நாவிதர் முடிவெட்டுவதோடு இரத்தம் எடுப்பார், புண்ணுக்கு மருந்து கட்டுவார். நம் ஊர் மருத்துவர் சமூகத்தை அறிந்தவர்களுக்கு இந்த இரட்டைத் தொழில் புதிதல்ல. தோமினிக்கன் சபையில் சேரப் போனபோது, ஆப்பிரிக்க, இந்திய இரத்தம் உள்ளவர்களை முழு உறுப்பினராக ஏற்க விதி இடம் தரவில்லை. ஆகவே வேலைக்காரராகச் சேர்ந்தார். பெருக்கினார், துவைத்தார், நோயாளிகளைப் பார்த்தார். 1603இல்தான் வார்த்தைப்பாடு கொடுக்க அனுமதித்தார்கள். மடம் கடனில் மூழ்கியபோது, தம்மை விற்றுக் கடனை அடைக்கும்படி அவர் சொன்னதாக மரபுக்கதை இருக்கிறது. பக்திநூல்கள் இதைத் தாழ்ச்சி என்று புகழ்கின்றன. நமக்கு அந்தக் கதையில் கேட்பது வேறு: தன் உடலுக்குச் சந்தையில் விலை உண்டு என்பதை ஒரு கணமும் மறக்க முடியாத மனிதரின் குரல்.

மார்ட்டின் 1639 நவம்பர் 3 அன்று இறந்தார். அதே லீமாவில், ஸ்பானியக் குடும்பத்தில் பிறந்த ரோஸ் 1617இல் இறந்து 1671இல் புனிதராக்கப்பட்டார். ஐம்பத்து நான்கு ஆண்டுகள். மார்ட்டினுக்கு 1837இல் முத்திப்பேறு பட்டம், 1962 மே 6இல் புனிதர் பட்டம். முந்நூற்று இருபத்து மூன்று ஆண்டுகள். பரலோகத்தில் வரிசை இல்லாமல் இருக்கலாம், உரோமையில் இருந்தது. அவருடைய சுரூபத்தின் கையில் துடைப்பம் இருக்கும். காலடியில் நாயும் பூனையும் எலியும் ஒரே தட்டில் உண்ணும். அந்தச் சம்பந்தி விருந்து நமக்குப் பிடித்த காட்சிதான். துடைப்பத்தை அப்படி எளிதாக ஏற்க முடியவில்லை. விரும்பி எடுத்த துடைப்பம் வேறு, பிறப்பைக் காட்டிக் கையில் திணிக்கப்பட்ட துடைப்பம் வேறு. சாதி உழைப்பைப் பிரிப்பது மட்டுமல்ல, உழைப்பாளரையே பிரித்து வைப்பது என்று 1936இல் அம்பேத்கர் எழுதினார். மார்ட்டினின் துடைப்பத்தை அந்த வெளிச்சத்தில் பார்த்த பிறகு, அவரைத் தாழ்ச்சிக்கு மட்டும் முன்மாதிரியாகத் துப்புரவுப் பணியாளர்களிடம் நீட்டுவதை நாம் ஒப்ப முடியாது.

நம் மண்ணுக்குத் திரும்புவோம். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளை தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியதும் அவருக்கு எதிரான பகையை வளர்த்தது என்பதைத் திருச்சபையே எடுத்துச் சொல்கிறது. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயிலோ இரண்டு கால்கள் விரிந்த வடிவம் கொண்டது. வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம். கால்சட்டைக் கோயில் என்றே பெயர். நடுவிலிருந்த தடுப்பு 1910இல் அகற்றப்பட்டது. வெள்ளாளர் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். தேவசகாயத்தின் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' போவதற்கு இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. சாதிப் பட்டத்தை எடுக்கக் கோரிக்கை எழுந்து 2020இல் உரோமை இசைந்தது. 2022 மே 15இல் அவர் தேவசகாயமாக மட்டும் புனிதரானார். புனிதருக்கே இவ்வளவு காலம் ஆயிற்று.

உயிரோடு இருப்பவர்கள் கதை இன்னும் கடினம். 2008 மார்ச் 9 அன்று எறையூரில் தலித் கிறித்தவர்கள் மீது வன்னியக் கிறித்தவர்கள் நடத்திய தாக்குதலும், தொடர்ந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்ததும் நாம் அறிந்தவை. தலித்துகள் கேட்டது தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்க வேண்டும் என்பது. பிரிவினை கேட்கிறார்களே என்று அப்போது அங்கலாய்த்தவர்கள், சவ ஊர்வலம் போகும் பாதையும் கல்லறைத் தோட்டமும் ஏற்கெனவே பிரிந்து கிடந்ததை ஏன் பேசவில்லை? இரண்டு கோயிலிலும் இருப்பது ஒரே மரியாள்தான். பெரிய கோயிலில் அவளிடம் பேச முறை வரவில்லை, அதனால் வேறோர் இடத்தில் அவளைக் கண்டுகொண்டார்கள். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் அதிகாரப்படுத்தல் கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டதை நாம் குறைத்து மதிக்கவில்லை. தேர் செல்லும் பாதையை அறிக்கை எழுதுபவர்கள் முடிவு செய்வதில்லை என்பதையும் மறக்கவில்லை.

இந்த இருபது முப்பது ஆண்டுகளில் வேறொன்று நடந்துகொண்டிருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் கட்டட வேலை செய்த காசில், வளைகுடாவிலிருந்து வந்த காசில், நம் தெருமுனைகளில் கெபிகள் எழுகின்றன. பளிங்குக்கல் பதித்து, கம்பிக்கதவு வைத்து, உள்ளே அந்தோணியாரோ செபஸ்தியாரோ ஆரோக்கிய மாதாவோ. குரு வந்து மந்திரித்துவிட்டுப் போய்விடுவார், மற்ற நாளெல்லாம் பெண்கள்தான். அவர்களே செபமாலை சொல்லித் தருகிறார்கள், அவர்களே பிரார்த்தனை முன்னெடுக்கிறார்கள். பிள்ளை காய்ச்சல், மகன் வேலை, கணவன் குடி, ரேஷன் கார்டு என்று எல்லா மன்றாட்டும் சத்தமாகவே சொல்லப்படுகின்றன. உப்பும் மிளகும் வைக்கிறார்கள். முடிந்ததும் அவித்த கடலையை எல்லோருக்கும் கொடுக்கிறார்கள், வழியில் போகிற எந்தத் தெருக்காரருக்கும். சில ஊர்களில் மேலத்தெருப் பெண்களும் வேண்டுதல் பலித்ததென்று கேள்விப்பட்டு வந்து நிற்கிறார்கள். கெபிக்குப் போக நம் தெரு வழியாகத்தான் வர வேண்டும்.