தோகச்சுக்கவும் தமிழ்ப் புனைகதை வரலாறும்

தமிழ்ப் புனைகதையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர், சிறுவர் இதழ்களில் வெளிவந்த மாயத் தொடர்கதைகளைப் பெரும்பாலும் கருதிற்றிலர். அவற்றுள் காலத்தால் முந்திய ஒன்றனை எடுத்துக்கொண்டு, அதற்குரிய இடம் யாது என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் சென்னையிலிருந்து ஒரு சிறுவர் இதழைத் தெலுங்கில் 'சந்தமாமா' எனவும் தமிழில் 'அம்புலிமாமா' எனவும் தொடங்கினர். அவ்விதழில் 1954இல் 'தோகச்சுக்க' என்னும் தெலுங்குத் தொடர்கதை தோன்றிற்று. வால்வெள்ளியின் தோற்றமும், படைத்தலைவன் சமரசேனனின் கடற்செலவும், மந்திரவாதிகளின் பூசலும் அதன் பொருள். அதனை இயற்றியவர் இதழின் ஆசிரியர் குழுவைச் சார்ந்த தாசரி சுப்பிரமணியம். அவர் அவ்விதழில் எழுதிய பன்னிரண்டு மாயத் தொடர்களுள் முதலாவது இதுவே.

இதனை அறிவியற் புனைகதை எனலாமோ எனின், அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ரைஸ் பரோஸ் 1912இல் ஆல்-ஸ்டோரி இதழில் எழுதிய செவ்வாய்க் கதையோடு ஒப்பிடல் தகும். செவ்வாயில் அறிவுடை உயிர்கள் கால்வாய் வெட்டின என்று பெர்சிவல் லோவெல் என்னும் வானூலார் கொண்ட கருத்தை அக்கதை அடிப்படையாகக் கொண்டது. அக்கருத்துப் பின்னர்ப் பொய்த்தது. தோகச்சுக்கவோ மந்திரத்தின்பாற் பட்டது. ஆகலின் அதனை அறிவியற் புனைகதை எனல் பொருந்தாது. எனினும் அயல்நிலம் புகும் வீரன், இடையறாத இடுக்கண், தொடர்ந்து வரும் கதைவரிசை என்னும் அமைப்பால் இரண்டும் ஓரினத்தனவே.

ஆசிரியர் பெயர் வகையிலும் ஓர் ஒப்புமை உண்டு. நகைப்புக்கு அஞ்சிப் பரோஸ் தம் கதையைப் புனைபெயரில் வெளியிட்டார். 1917இல் அது நூலானபோது அவருடைய இயற்பெயர் விளங்கிற்று. தாசரியின் பெயரோ அவர் தொடர்களின் தலைப்பிற் காணப்படவில்லை. எழுதியவர் இன்னார் என்பதறியாமலே ஒரு தலைமுறை அவற்றைப் படித்தது.

தெலுங்கில் தோன்றியமையின் இது தமிழுக்குப் புறம்பானது என்பாரும் உளராகலாம். தலைப்பையே நோக்குக. தெலுங்குத் 'தோக' நம் 'தோகை'. 'சுக்க' என்பது விண்மீனைக் குறிக்கும் நம் 'சுக்கை'. இவை ஓரினச் சொற்கள். இவ்வுறவைப் பள்ளிப்பட்டு போன்ற எல்லையூர்கள் நன்கு காட்டுவன. இக்கதை தொடங்கிய 1954இல் பள்ளிப்பட்டு ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. திருத்தணியோடு 1960 ஏப்ரல் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. ஆட்சியெல்லை மாறிற்று, இரு மொழியும் வழங்கும் இயல்பு மாறவில்லை. அத்தகைய ஊரில் ஒரு வீட்டார் சந்தமாமாவையும் அண்டை வீட்டார் அம்புலிமாமாவையும் படித்தற்கு இடமுண்டு; இருவர்க்கும் கதை ஒன்றே.

ஆகவே, மூலமொழி பிறிதாதல் பற்றியோ, படித்தோர் சிறுவர் என்பது பற்றியோ இத்தொடர்களை ஒதுக்குதல் முறையன்று. தமிழ்ச் சிறுவர்க்கு நெடுங்கதை படிக்கும் பழக்கத்தை ஊட்டியவற்றுள் இவையும் அடங்கும். 2010இல் மறைந்த தாசரி சுப்பிரமணியத்தின் பெயர் தமிழ்ப் புனைகதை வரலாற்றிலும் இடம்பெறல் வேண்டும் என்பதே எம் துணிபு.