லிட்டருக்கு நாலு, லிட்டருக்குப் பதினெட்டு

நாமக்கல் பக்கம் யாராவது புது வண்டி வாங்கியிருப்பதாகச் சொன்னால், விலையைக் கேட்பதற்கு முன்னால் "எத்தனைங்க குடுக்குது?" என்றுதான் கேட்பார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். டீக்கடையில் இந்த ஒரு கேள்வியை வைத்தே அரை மணி நேரம் ஓட்டிவிடலாம். நான் 1976 முதல் 2009 வரை ஒரு லாரி ஆபீஸில் கணக்கு எழுதியவன். இந்தக் கேள்விக்கான பதிலைத் தினமும் பேரேட்டில் பதிந்தவன் என்ற முறையில், பெரிய லாரிக்கும் சின்ன வண்டிக்கும் இடையே நடந்த கதையை எனக்குத் தெரிந்த அளவில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

எங்கள் அப்பா காலத்து லாரிகளில் பாதி பெட்ரோலில் ஓடியவை. பார்கோ, டாட்ஜ், பெட்போர்டு, செவர்லே என்று பெயர்கள். யுத்த காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடிய பஸ்களை உங்களில் மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். யுத்தம் முடிந்த பிறகு டீசல் எஞ்சின் வந்தது. சென்னை செம்பியத்தில் சிம்சன் கம்பெனி தயாரித்த பெர்கின்ஸ் எஞ்சினை வாங்கி, பழைய பெட்ரோல் லாரியின் எஞ்சினைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்துவது ஒரு தனித் தொழிலாகவே நடந்தது. மாற்றிய செலவு டீசல் மிச்சத்திலேயே திரும்பி வந்துவிடும் என்பார் அப்பா. சிக்கனக் கணக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

1954-ல் டாட்டாவும் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸும் கூட்டுச் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கினார்கள். எண்ணூரில் அசோக் லேலண்டு. 1969-ல் பென்ஸ் ஒப்பந்தம் முடிந்து, லாரியின் முகத்தில் இருந்த நட்சத்திரம் போய் டாட்டாவின் 'டி' வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஆபீஸில் ஓடியவை டாட்டா 1210. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று பலருக்கும் தெரியாது. முதல் இரண்டு இலக்கம் வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை, 12 டன். அடுத்த இரண்டு இலக்கத்தோடு ஒரு சைபர் சேர்த்தால் குதிரைச் சக்தி, 100. பிறகு வந்த 1613 என்றால் 16 டன், 130 குதிரைச் சக்தி. இந்த முறையும் பென்ஸிடமிருந்து வந்ததுதான்.

1613 நல்ல ரோட்டில் லோடோடு லிட்டருக்கு நாலு கொடுக்கும். மலை ஏறினால் மூன்றுக்கும் கீழே போகும். காலியாகத் திரும்பினால் ஐந்து. டிரைவர்களில் கைராசிக்காரர் என்று இரண்டு பேர் இருந்தார்கள். அதே வண்டியில் நாலரை எடுத்துக் காட்டுவார்கள். கைராசி என்பது வேறொன்றுமில்லை, கியர் மாற்றுவதில் பொறுமை, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டுவது, டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது. நடைக்கு நடை டீசல், டயர், படி, செக்போஸ்ட் செலவு, டியூ என்று கட்டம் போட்டு எழுதினால் டீசல் மட்டும் பாதியை விழுங்கும்.

எங்கள் முதலாளி அதிகம் படிக்காதவர். ஆனால் லிட்டருக்கு எத்தனை என்ற கணக்கோடு அவர் நிறுத்த மாட்டார். "எத்தனை டன்னு ஏத்திக்கிட்டு நாலு குடுத்துச்சு? அதை எழுதுப்பா" என்பார். அதற்காக ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டேன். ஒரு லிட்டர் டீசல் ஒரு டன்னை எத்தனை கிலோமீட்டர் சுமக்கிறது என்பது அந்தக் கட்டம். 9 டன் ஏற்றிக்கொண்டு நாலு கொடுத்தால் 36. இந்த 36 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒளிக்காமல் சொல்வதென்றால் அந்தக் காலத்தில் 9 டன் வண்டியில் யாரும் 9 டன் ஏற்றவில்லை. பதினாலு, பதினைந்து சாதாரணம். டீசல் கொஞ்சம் கூடும், ஆனால் டன் கணக்குப் பார்த்தால் லாபம். பட்டை உடைந்ததும், டயர் வெடித்ததும், ரோடு குழி விழுந்ததும் யாருடைய பேரேட்டிலும் முழுசாக வரவில்லை.

சின்ன வண்டிகளின் கதை தனி. பஜாஜ் டெம்போ என்று ஒரு கம்பெனி, ஜெர்மன் டெம்போவின் மூன்று சக்கர வண்டியை இங்கே செய்தது. இன்றைக்கும் நம் ஊரில் எந்தச் சின்ன லோடு வண்டியையும் 'டெம்போ' என்று சொல்கிறோமே, அது அந்தப் பெயர்தான். பிறகு அதே கம்பெனியின் மேட்டடார் வந்தது. 1980-களின் நடுவில் ஜப்பான்காரர்கள் நாலு வழியாக வந்தார்கள்: டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மாஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி. ஓட்டிப் பார்த்த டிரைவர்கள் ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். ஸ்டீயரிங் பூப்போல இருக்கிறது, சத்தமே இல்லை, டீசலும் கம்மி என்று. டாட்டா பதிலுக்கு 1986-ல் 407-ஐ இறக்கியது. 4 டன், 70 குதிரைச் சக்தி. ஜப்பான் வண்டி அளவுக்கு நயம் இல்லை. ஆனால் 1985-க்குப் பிறகு ஜப்பான் யென்னின் மதிப்பு வேகமாக ஏறியதில், அங்கிருந்து உதிரிபாகம் வரவழைத்த கம்பெனிகளுக்குச் செலவு எகிறிவிட்டது. 407-க்கு எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் சாமான் கிடைத்தது. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடக் கொடுக்கிற வண்டி, ஒரு சாமானுக்காகப் பத்து நாள் நின்றால் அந்தச் சிக்கனம் யாருக்கு வேண்டும்? நாலில் ஐஷரும் ஸ்வராஜ் மாஸ்டாவும் தாக்குப்பிடித்தன. மற்ற இரண்டும் கைமாறிப் போயின.

407-க்கு என் கட்டத்தில் என்ன எண் வந்தது? இரண்டேகால் டன், லிட்டருக்கு ஒன்பது. அதாவது 20. லாரியின் 36-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

2005 மே மாதம் டாட்டா ஏஸ் வந்தது. நம் ஊர் அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்தது. இண்டிகா காரின் நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பாதியாக்கினால் என்ன வருமோ அதுதான் அதன் எஞ்சின்: இரண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைச் சக்தி. முக்கால் டன் லோடு. விலை இரண்டேகால் லட்ச ரூபாய் அளவில். லிட்டருக்குப் பதினெட்டு, இருபது என்று கேட்டவுடன் டீக்கடையே வாயைப் பிளந்தது. நான் ஆபீஸுக்குப் போய்க் கட்டம் போட்டேன். முக்கால் டன், பதினெட்டு. பதிமூன்றரைதான் வந்தது! டன் கணக்கில் பார்த்தால் மூன்று வண்டிகளில் குட்டியானைதான் அதிகம் டீசல் குடிக்கிறது. 9 டன் சரக்கை 400 கிலோமீட்டர் கொண்டுபோக லாரிக்கு 100 லிட்டர் போதும். குட்டியானையில் ஏற்றினால் பன்னிரண்டு வண்டி, பன்னிரண்டு டிரைவர், சுமார் 265 லிட்டர்.

ஆனால் சரக்கு எப்போதும் 9 டன்னாக வருவதில்லையே. காட்டிலிருந்து 600 கிலோ தக்காளி, 30 கிலோமீட்டர் தள்ளி மார்க்கெட்டுக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். போய்த் திரும்ப லாரிக்கு 15 லிட்டர், 407-க்கு ஏழு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, குட்டியானைக்கு மூன்றரைகூட ஆகாது. அதற்கு முன்பு விவசாயி என்ன செய்தார்? நாலு பேர் சரக்கு சேரும்வரை காத்திருந்தார், அல்லது பஸ் மேலே கூடையை ஏற்றினார், அல்லது மாட்டுவண்டி கட்டினார். காத்திருந்த நேரத்தில் வதங்கிய காய்க்கு யாரும் கணக்கு எழுதியதில்லை.

சட்டமும் சின்ன வண்டிக்குச் சாதகமாக இருந்தது. மோட்டார் வாகனச் சட்டப்படி மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. நகரத்துக்குள் பகலில் லாரியை விடாத இடங்களில் இது நுழைந்துவிடும். கிளீனர் வேண்டாம். ஆறு டயருக்குப் பதில் நாலு டயர். ஏறக்குறைய ஒரு லாரி டயர் விலைக்கு அந்த நாலையும் போட்டுவிடலாம். அதே 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஓவர்லோடுக்கு எதிராகக் கண்டிப்பான தீர்ப்பைக் கொடுத்தது. அபராதத்தை வாங்கிக்கொண்டு அதிக லோடோடு வண்டியை விட்டுவிடுகிற வழக்கம் செல்லாது என்றது. செக்போஸ்ட்டுகள் கொஞ்ச காலமாவது கெடுபிடியாக இருந்தன. பதினைந்து டன்னில் லாபம் பார்த்துப் பழகிய ஒற்றை லாரி முதலாளிகள் திணறிப் போனார்கள். பெரிய கம்பெனிகள் பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம் என்று மேலே போயின. ஊருக்குள் சுற்றும் லோடு கீழே குட்டியானைக்குப் போனது. நடுவில் இருந்தவருக்குத்தான் இரண்டு பக்கமும் இடி. எங்கள் பக்கத்து ஆபீஸில் மூன்று வண்டி வைத்திருந்த ஒருவர், இரண்டாண்டில் மூன்றையும் விற்றுவிட்டார்.

எங்கள் டிரைவர் ஒருவர் 2007-ல் வேலையை விட்டுக் குட்டியானை எடுத்தார். நாலு மாதம் கழித்து என்னிடம் வந்து, கணக்குப் போட்டுத் தரச் சொன்னார். மாதம் 22 நாள் ஓட்டம், நாளைக்கு 700 ரூபாய் வாடகை, ஆக 15,400. டீசல் 3,740. டியூ 5,300. டயர், ஆயில், இன்சூரன்ஸ், எஃப்.சி. என்று மாதம் 1,500 எடுத்து வைக்க வேண்டும். மிச்சம் 4,860. "லாரியில சம்பளமும் படியும் சேர்த்து இதைவிட அதிகமா வாங்கினியேப்பா" என்றேன். டீசல் போக மீதியெல்லாம் வருமானம் என்று நினைத்திருந்தவர், கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தினமும் வீட்டுல படுக்கறனுங்கண்ணா. அதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. மாதத்தில் இருபது நாள் கேபினில் தூங்கிய மனிதர்.

டியூ முடியும்வரை அவர் சிரமப்பட்டார், கட்டிவிட்டார். கட்ட முடியாமல் வண்டியை ஃபைனான்ஸ்காரரிடம் விட்டவர்களும் நிறையப் பேர். வாடகைக்கு வண்டிகள் பெருகப் பெருக, வாடகை ஏறவில்லை. அதை ஈடுகட்ட முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றினார்கள், கம்பியும் சிமென்ட்டும். பதினெட்டு பன்னிரண்டானது, பின் டயர் ஆறு மாதத்தில் தேய்ந்தது. லாரிக்காரர்கள் செய்த அதே வேலைதான். ஏழு ஆண்டில் ஏஸ் பத்து லட்சம் விற்றது. 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் ஒன்றேகால் டன்னோடு வந்தது. மஹிந்திராவின் பிக்கப்பும் சேர்ந்துகொண்டது. ஓவர்லோடு ஏற்றிப் பழகியவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

டீசலை மலிவாக வைத்திருந்த காலமும் முடிந்தது. 2013 ஜனவரியில் மாதம் ஐம்பது காசாக ஏற்றத் தொடங்கி, 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். 2021 அக்டோபரில் சென்னையில் டீசல் நூறு ரூபாயைத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்து, டீசல் எஞ்சினுக்குச் சேர்க்க வேண்டிய சாமான்கள் கூடிவிட்டதால், சின்ன டீசல் எஞ்சின் விலை கட்டுபடியாகாத நிலை. குட்டியானை பெட்ரோலிலும் வரத் தொடங்கியது. பெட்ரோல் லாரியைக் கழற்றி டீசல் மாட்டிய அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

அந்த டிரைவர் இப்போது இரண்டாவது வண்டியாகத் தோஸ்த் வைத்திருக்கிறார். அதைப் பையன் ஓட்டுகிறான். கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரைக்குமான சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்தது. அந்தச் செய்தி வந்த பேப்பரை அவர்தான் என் வீட்டுக்கு எடுத்துவந்து காட்டினார். எத்தனை கொடுக்கிறது என்று கேட்டேன். "லோடோட பதினாலுங்கண்ணா" என்றார். எத்தனை டன்னு என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தார்.